பதினைந்து வருடமாக விசுவாசி, வாய்க்கால் கரையில் மட்டும் அதே பழைய ஆள்

இடதுகரை (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன் நான், எழுதுவது முதல் தடவை. கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறேன்.

2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தபோது இயேசுவை ஏற்றுக்கொண்டேன். எங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு ஒரு அக்கா வந்து ஜெபித்துவிட்டுப் போவார், அப்படித் தொடங்கியது. 2010இல் ஊர் திரும்பியதும் ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. வெள்ளி உபவாச ஜெபம் தவறியதில்லை. காசு இல்லாத போகத்தில் தசமபாகத்தை நெல்லாகவாவது கொடுத்துவிடுவேன். பைபிளை நான்கு தடவை முழுதாக வாசித்திருக்கிறேன் (லேவியராகமத்தில் கொஞ்சம் ஓட்டமாக ஓடியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடவேண்டும்).

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை சிறுபோகத் தண்ணீர் முறை. இரவு பன்னிரண்டுக்கு என்னுடைய முறை. போய்ப் பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மேலே நடந்து போனேன். பக்கத்து வயல்காரர் சாக்கில் மண் கட்டி வாய்க்காலை மறித்துத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டிருந்தார். இது மூன்றாவது தடவை. எனக்கு வந்த கோபத்தில் அவருடைய தாய் தகப்பன் வரை இழுத்துப் பேசினேன். மண்வெட்டியையும் ஓங்கிவிட்டேன். அவர் திருப்பித் திட்டவில்லை. டோர்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்து, "நீயும் ஒரு வேதக்காரன்" என்றார். அவ்வளவுதான். மறிப்பை எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் வந்தது. விடியும்வரை வரம்பில் குந்தியிருந்தேன். வயல் நிறைந்துவிட்டது, எனக்கு மட்டும் ஒன்றுமில்லை.

என் கேள்வி இதுதான். பாஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் "வளருங்கள், வளருங்கள்" என்கிறார். பிள்ளையென்றால் கதவு நிலையில் கோடு கீறிப் பார்க்கலாம். விசுவாசத்தில் வளர்ந்திருக்கிறோமா என்று எதைப் பார்த்து அறிவது? பதினைந்து வருடத்தில் நான் வளர்ந்தேனா, அல்லது பழகிவிட்டேனா?

பரந்தன் பாலன் (செவ்வாய், இரவு 10.15)

பிரதர், சோர்ந்துபோகாதீர்கள். இது மாம்சம் தலைதூக்கும் நேரம். அபிஷேகம் குறைந்தால் பழைய மனுஷன் எழும்புவான். இருபத்தொரு நாள் உபவாசம் இருங்கள். ஆவியில் நிறைந்து அறியாத பாஷையில் ஜெபிக்கிற அந்நியபாஷை வரம் பெற்றிருக்கிறீர்களா? இல்லையென்றால் அதற்காகக் காத்திருந்து ஜெபியுங்கள். வல்லமை வந்துவிட்டால் கோபம் தானாக ஓடிவிடும். நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

இடதுகரை (செவ்வாய், இரவு 10.22)

தம்பி, 2011இலிருந்து அந்நியபாஷையில்தான் ஜெபிக்கிறேன். அன்று பின்னேரமும் ஜெபித்துவிட்டுத்தான் வயலுக்குப் போனேன்.

பழைய வாத்தியார் (புதன், காலை 6.05)

இடதுகரை, நீங்கள் அந்தக் கடைசி வரியை எழுதியதால் எனக்கு வேலை பாதி குறைந்துவிட்டது.

கொரிந்து சபையை எடுத்துப் பாருங்கள். முதலாம் நிருபம் முதல் அதிகாரத்திலேயே, ஒரு வரத்திலும் உங்களுக்குக் குறைவில்லை என்று பவுல் சொல்லிவிடுகிறார். அந்நியபாஷை உண்டு, தீர்க்கதரிசனம் உண்டு, சுகமாக்கும் வரம் உண்டு. இரண்டு அதிகாரம் தள்ளி வந்தால் அதே ஆட்களைப் பார்த்து, நீங்கள் இன்னும் பால் குடிக்கிற குழந்தைகள் என்கிறார். ஏன்? பொறாமையும் வாக்குவாதமும் இருந்ததால். ஒருவன் நான் பவுலின் ஆள் என்கிறான், மற்றவன் நான் அப்பொல்லோவின் ஆள் என்கிறான். இராப்போஜனத்துக்கு வந்தால் வசதியானவன் முதலே சாப்பிட்டு முடிக்கிறான், இல்லாதவன் பட்டினி இருக்கிறான். ஆக, வரம் எத்தனை இருந்தாலும் ஆள் குழந்தையாக இருக்கமுடியும். பாலன் தம்பி கோபிக்கவேண்டாம், வரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கொடுக்கப்படுவது. கொடுக்கப்பட்டதை வைத்து வாங்கினவனின் வயதைக் கணிக்கமுடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கும் தகப்பன் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம்.

கலாத்தியருக்கு எழுதியதில் கனி என்று வருகிறது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று ஒன்பது. மூலமொழியான கிரேக்கத்தில் அந்தக் கனி ஒருமை. அதாவது ஒன்பது பழம் கொண்ட கூடை அல்ல, ஒரே பழத்தின் ஒன்பது சுவை. "எனக்கு விசுவாசம் நிறைய உண்டு, பொறுமைதான் இல்லை" என்று பிரித்துச் சொல்லித் தப்பமுடியாது. முப்பத்தைந்து வருடம் ஆசிரியராக இருந்து நான் இதைத்தான் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் ஒரு அருமையான சொல் உண்டு, "தேறினவர்கள்". முதலாம் கொரிந்தியர் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது, பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்திலும் வருகிறது. எபிரெயரில் "பூரண வயதுள்ளவர்கள்" என்று போட்டிருப்பதும் கிரேக்கத்தில் அதே சொல்தான். நாங்கள் எதற்கெல்லாம் தேறுதல் என்கிறோம்? காய்ச்சல்காரன் தேறினான். பிள்ளை சோதினையில் தேறினான். கருகப்போன பயிர் மழைக்குத் தேறிவிட்டது. விழுந்த ஒன்று எழும்பி வருவதற்குத்தான் அந்தச் சொல். விழாமலே உயர்ந்துகொண்டு போவதற்கு அல்ல.

பிலிப்பியரில் பவுல் சிறையில் இருந்து எழுதுகிறார். பன்னிரண்டாம் வசனத்தில், நான் முற்றும் தேறினவன் என்று எண்ணவில்லை என்கிறார். மூன்று வசனம் தள்ளி, நம்மில் தேறினவர்கள் எல்லோரும் இந்தச் சிந்தையாய் இருக்கவேண்டும் என்கிறார். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். தேறினவனுக்கு அடையாளம், தான் தேறிவிட்டதாக நினைக்காததுதான். வரம்பில் குந்தியிருந்து யோசித்தீர்கள் பாருங்கள், அதை நான் குழந்தையின் வேலையாகப் பார்க்கவில்லை.

கமக்காரன் (புதன், காலை 6.50)

நான் சைவக்காரன், மனைவி பக்கம்தான் வேதம். அதனால் பைபிளுக்குள் வரமாட்டேன். தண்ணீரைப் பற்றிக் கதைக்கலாம்தானே?

முதல் விஷயம், மூன்று தடவை மறித்திருக்கிறார் என்றால் இது கமக்காரர் அமைப்புக்குப் போகவேண்டிய முறைப்பாடு. முறை நேரத்தை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அதோடு நிற்கும். ஜெபத்தால் தீர்க்கவேண்டியதை ஜெபத்தால் தீருங்கள், அட்டவணையால் தீர்வதை அட்டவணையால் தீருங்கள்.

இரண்டாவது, யாரோ இப்போது வந்து "முற்றின கதிர் தலை சாயும்" என்று சொல்லப்போகிறார்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்தக் கதிர் சாய்ந்துகொண்டே இருக்கிறது. நெல்லில் அதைவிடப் பார்க்கவேண்டியது வேறு இருக்கிறது. கதிர் பால் பிடிக்கிற நேரம் வயல் பார்க்க மிக அழகு. அந்த நேரம்தான் மூட்டுப்பூச்சி வந்து பாலை உறிஞ்சிவிட்டுப் போகும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதிர் நிமிர்ந்து நிற்கும், மணி மணியாக இருக்கும். அரிவி வெட்டித் தூற்றும்போதுதான் உள்ளே அரிசி இல்லாத சப்பி காற்றோடு போகும். உங்களுக்கு அரிவிக்கு முதலே தெரிந்துவிட்டது, நல்லதுதானே.

மடு வழிப்போக்கன் (புதன், மதியம் 1.30)

கத்தோலிக்கன், மன்னார் மாவட்டம். ஆவணி 15க்கு வருடா வருடம் மடு மாதா கோவிலுக்கு நடந்து போகிறவன்.

வாத்தியார் ஐயா சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனால் இடதுகரை அண்ணை கேட்டது "எதைப் பார்த்து அறிவது" என்று. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தன் ஆட்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆன்ம சோதனை என்போம். படுக்கப்போகுமுன் பத்து, பதினைந்து நிமிடம். முதலில் நன்றி. பிறகு, தெளிவாகப் பார்க்க ஆவியானவரின் உதவியைக் கேட்பது. அப்புறம் அந்த நாளைக் காலையிலிருந்து படம்போல ஓடவிட்டு, எங்கே ஆண்டவர் பக்கம் போனேன், எங்கே விலகினேன் என்று பார்ப்பது. கடைசியில் மன்னிப்பும், நாளைக்கு ஒரு சின்ன முடிவும்.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், பாவம் எது என்று மட்டும் பார்ப்பதில்லை. அது எங்கே தொடங்கியது என்று பின்னுக்கு நடந்து போவது. நீங்கள் பன்னிரண்டு மணிக்குக் கோபப்பட்டீர்கள் என்கிறீர்கள். நான் நினைக்கிறேன், கோபம் பன்னிரண்டு மணிக்கு வரவில்லை. ஒருக்கால் பின்னுக்கு நடந்து பாருங்கள்.

வறட்சி பற்றியும் ஒன்று. "எனக்கு மட்டும் ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். ஜெபத்தில் ஒன்றும் உணராத காலத்தை வளர்ச்சி நின்றுவிட்டது என்று எடுக்கவேண்டாம். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது உலகமே திடுக்கிட்டது. பல பத்து வருடங்களாக அவர் உள்ளுக்குள் கடவுளைப் பெரும்பாலும் உணரவேயில்லை. காலையில் எழும்பி வேலைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

கமக்காரன் (புதன், மதியம் 1.41)

இதற்கும் வயலில் பதில் உண்டு. அரிவிக்கு இரண்டு கிழமைக்கு முதல் தண்ணீரை வெட்டிவிடுகிறோம்தானே. பயிரிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

ஸ்கார்பரோ வன்னியன் (புதன், இரவு 7.20)

அண்ணை, போனில் வருடம் முழுவதற்கும் வேத வாசிப்புத் திட்டம் வருகிறது. காலையில் மணி அடித்து ஞாபகப்படுத்தும். கூடவே ஸூமில் சீஷத்துவ வகுப்பு ஒன்று நடத்துகிறோம், பன்னிரண்டு கிழமை. விருப்பமென்றால் இணைப்பு அனுப்புகிறேன். ஒழுங்காகப் படித்தால் அத்திவாரம் பலமாகும்.

தருமபுரம்77 (புதன், இரவு 8.55)

வகுப்பு வைக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. தலைப்பிலிருந்து விலகுவதாக இருந்தால் நிர்வாகி தூக்கிவிடலாம்.

எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தது. நான் பிறந்தது இங்கே. இடம்பெயர்ந்ததும் எல்லோரோடும்தான், செத்ததும் எல்லோரோடும்தான். சபையில் எனக்குப் பக்கத்தில் இருந்து பாடுகிறார்கள், என்னைக் கட்டிப்பிடித்து "பிரதர்" என்கிறார்கள். என் தங்கச்சிக்கு அதே சபையில் ஒரு சம்பந்தம் பேசினோம். பெடியனுக்கு விருப்பம். பதினெட்டு வருட விசுவாசியான தகப்பன் சொன்னது, "கர்த்தருக்குச் சித்தமில்லைப் போல இருக்கு." எங்களுக்கு விளங்கியது. கர்த்தரை எதற்கெல்லாம் இழுக்கிறார்கள் பாருங்கள்.

அந்தத் தகப்பன் வேத வாசிப்புத் திட்டம் முடித்தவர். சீஷத்துவ வகுப்பு எடுக்கிறவரும் அவர்தான்.

பரந்தன் பாலன் (புதன், இரவு 9.10)

சகோதரரே, ஒரு ஆளை வைத்துச் சபையைத் தீர்க்கவேண்டாம். ஊழியக்காரர்களைக் குறைசொல்லும் ஆவி நல்லதல்ல.

தருமபுரம்77 (புதன், இரவு 9.14)

ஊழியக்காரன் என்று யார் சொன்னது? நான் தகப்பன் என்றேன். நீங்கள் ஏன் உடனே ஊழியக்காரரைக் காப்பாற்ற ஓடிவருகிறீர்கள்?

நிர்வாகி (புதன், இரவு 9.30)

இருவரும் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். சபைப் பெயர், ஆள் பெயர் வராதவரை இழை திறந்திருக்கும். தருமபுரத்தின் கேள்வி தலைப்புக்குள்தான் இருக்கிறது.

பழைய வாத்தியார் (வியாழன், காலை 5.50)

தருமபுரம், பேதுருவுக்கே இது நடந்தது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் மனந்திரும்பப் பிரசங்கித்தவர். கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவன் வீட்டுக்குப் போய், கடவுள் ஆளைப் பார்த்து நடத்துவதில்லை என்று தன் வாயால் சொன்னவர். அப்படிப்பட்டவர் அந்தியோகியாவில் புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டார். எருசலேமில் இருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், பயந்து, மெல்ல எழும்பித் தள்ளி இருந்துவிட்டார். பவுல் எல்லோருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கேட்டார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்பதுதான் பவுல் வைத்த குற்றம். பந்தியில் யாரோடு இருக்கிறாய் என்பது அவருக்குச் சுவிசேஷ விஷயம். பந்திக்கு அது பொருந்தினால் சம்பந்தத்துக்கும் பொருந்தும்.

எபேசியர் நான்காம் அதிகாரத்தில் முதிர்ச்சியைப் பற்றிப் பேசும்போது "நாம் எல்லாரும்" என்று தொடங்குகிறார். எல்லோரும் சேர்ந்து பூரண புருஷனாவது, கிரேக்கத்தில் அதுவும் ஒருமை. நான் தனியாக வளர்ந்து, நீங்கள் தனியாக வளர்ந்து, பிறகு கூட்டிப் பார்க்கிற கணக்கு அங்கே இல்லை. உங்கள் தங்கச்சியை வெளியே விட்டுவிட்டு அந்தத் தகப்பன் மட்டும் வளரமுடியாது. அவர் அதை அறியவில்லை, அவ்வளவுதான்.

இடதுகரை (வியாழன், இரவு 11.05)

மடு அண்ணை சொன்னபடி இரண்டு இரவு பின்னுக்கு நடந்து பார்த்தேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

அன்று நான் டோர்ச் அடிக்காமல் போனேன். செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கட்டப் போகிறவன் அப்படிப் போகமாட்டான். ஆளைப் பிடிக்கத்தான் போயிருக்கிறேன். பின்னேரம் ஜெபம் முடித்து எழும்பும்போதே அது என் மனதில் இருந்தது.

இன்னும் பின்னுக்குப் போனால் விஷயம் தண்ணீர் இல்லை.

2009 பங்குனி, சண்டையின் கடைசிக் காலம். மாத்தளனில் எங்களுக்குப் பங்கர் வெட்டி முடியவில்லை. செல் வரத் தொடங்கியதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த வயல்காரருடைய பங்கருக்குப் போனேன். ஊரில் பக்கத்து வீடு, அம்மாவின் கையால் எத்தனை தடவை சாப்பிட்டவர். "இடமில்லை" என்றார். திரும்பி வரும்போது அம்மாவின் காலில் செல் துண்டு பட்டது. 2016இல் சாகும்வரை அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தா.

2012இல் சபையில் சாட்சி சொன்னேன். "என் எதிரியை மன்னித்துவிட்டேன்" என்று மைக்கில் சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

2018 மார்கழி வெள்ளத்தில் அவருடைய வயல் முழுக்கப் போனது. எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதற்கு ஸ்தோத்திரம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன் போல.

பரந்தன் பாலன் (வியாழன், இரவு 11.20)

அண்ணை, முதல் எழுதினதுக்கு மன்னிக்கவும். 2009இல் எனக்கு வயது ஆறு. தெரியாமல் இருபத்தொரு நாள் என்று சொல்லிவிட்டேன்.

மடு வழிப்போக்கன் (வியாழன், இரவு 11.48)

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்று இரவு செபமாலையில் உங்கள் அம்மாவை வைக்கிறேன்.

முல்லைத்தீவு அம்மா (வெள்ளி, காலை 4.30)

மகன், நீ எழுதினதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. பேத்தியின் போனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என்னுடைய கடைசி மகன் 2009 வைகாசியிலிருந்து இல்லை. 2017 மாசியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது நானும் போனேன். இன்றைக்கும் முடிந்த நாளில் போவேன். சபையில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள், "அம்மா, இன்னும் அழுகிறீர்களே, கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு சமாதானமாக இருக்க வேண்டாமா, இத்தனை வருட விசுவாசி" என்று. அவர்களுக்கு அழாமல் இருப்பதுதான் வளர்ச்சி. நான் 88ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினேன். தொடக்கம் முதல் முடிவு வரை புலம்பல், ஆறுதல் ஒரு வரி இல்லை, அப்படியே முடிந்துவிடுகிறது. பைபிளில் அதை யாரும் கிழித்து எறியவில்லை. அழுகிறவள் யாரிடம் அழுகிறாள் என்று பார்க்கவேண்டும். நான் அவரிடம்தான் அழுகிறேன். அவரோடு கதைக்காமல் விட்டால்தான் நான் பயப்படவேண்டும்.

நான் எழுத வந்தது அதற்கு அல்ல. நீ பங்கருக்கு வெளியே நின்றவன். நான் உள்ளே இருந்தவள்.

வலைஞர்மடத்தில் எங்கள் பங்கர் ஆறு பேருக்கு வெட்டினது. பதினொரு பேர் இருந்தோம். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். என் பக்கத்தில்தான் வாசல். "இடமில்லை பிள்ளை" என்று சொன்னது நான். இடம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நெருங்கினால் இருந்திருக்கும். நெருங்கினால் மண் சரிந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் போனாள். அந்த முதுகை எனக்குத் தெரியும். முகத்தைப் பார்க்கவில்லை.

ஞானஸ்நானம் எடுக்கும்போது எல்லாப் பாவத்தையும் அறிக்கை செய் என்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. இப்போது முகம் தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மனிசனுக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது என்கிறாய். இருக்கும் மகன். நீ மண்வெட்டி ஓங்க அவர் திருப்பித் திட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

தருமபுரம்77 (வெள்ளி, காலை 7.15)

அம்மா.

பழைய வாத்தியார் (வெள்ளி, காலை 8.00)

நேற்று இரவு நீளமாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். பவுலும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டுக் கடும் சண்டை பிடித்துப் பிரிந்தது, பல வருடம் கழித்துப் பவுல் மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு அவன் வேண்டும் என்று எழுதியது, எல்லாம். அழித்துவிட்டேன். அம்மா எழுதினதற்குக் கீழே அதைப் போட மனம் வரவில்லை.

எபிரெயர் ஐந்தின் கடைசி வசனத்தை மட்டும் வைக்கிறேன். பலமான ஆகாரம் உண்ணத்தக்கவர்கள் யார் என்று அங்கே இருக்கிறது. நன்மை எது தீமை எது என்று பிரித்தறியப் பயிற்சி பெற்றவர்கள். முப்பது வருடமாக அதை நான் சின்னப் பிள்ளைத்தனமாக வாசித்துவிட்டேன், நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம், நடுவில் கோடு என்று. "இடம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது" என்று ஒரு தாய் எழுதுகிறா. இந்தப் பதினாறு வருடமும் அவவுக்குப் பயிற்சிதான்.

ஸ்கார்பரோ வன்னியன் (வெள்ளி, மாலை 6.40)

நாங்கள் 2007இலேயே வெளியே வந்துவிட்டோம். எனக்கு இதில் கதைக்க உரிமை இல்லை. ஸூம் இணைப்பு அனுப்புகிறேன் என்றது வெட்கமாக இருக்கிறது. வாசித்துக்கொண்டு இருக்கிறேன்.

கமக்காரன் (சனி, காலை 6.10)

ஸ்கார்பரோ, வெட்கப்படத் தேவையில்லை, இங்கேயும் எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. பக்கத்துத் துண்டுக்காரர் பங்கரில் யாரை விட்டார் யாரை விடவில்லை என்று நானும் கேட்டதில்லை. இடதுகரை, உங்கள் அடுத்த முறை எப்போது?

இடதுகரை (ஞாயிறு, இரவு 8.30)

அடுத்த முறை வியாழன்.

இன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, லான்ட்மாஸ்டர் திருத்த டவுனுக்குப் போயிருந்தார். மனைவி என்னைக் கண்டதும் பயந்துவிட்டா. வெள்ளை உடுப்பும் பைபிளுமாக நிற்கிறேன், சண்டைக்கு வந்திருக்கிறேனா மதம் மாற்ற வந்திருக்கிறேனா என்று யோசித்திருப்பா. இருக்கச் சொல்லிப் பிளேன்டீ தந்தா. சீனி கூட. அரை மணித்தியாலம் இருந்தேன். கதைக்க ஒன்றும் வரவில்லை. பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கேட்டேன். நெல் விலை கதைத்தோம்.

எழும்பும்போது அவவாகச் சொன்னா, "உங்கட அம்மாவின் செத்த வீட்டுக்கு இவர் வந்தவர் தம்பி. வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார்" என்று.

நான் அந்த நாள் அவரைக் காணவில்லை. அவர் வரவில்லை என்றுதான் ஒன்பது வருடமாகக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

அவர் வந்ததும் நான் வந்துவிட்டுப் போனதாகச் சொல்லும்படி சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முல்லைத்தீவு அம்மா (ஞாயிறு, இரவு 9.05)

வியாழன் டோர்ச் கொண்டுபோ மகன். செருப்பையும் போட்டுக்கொண்டு போ, பாம்பு திரிகிற காலம்.